இல்லாத கூடை

முப்பது வருடம் தலையில் நாற்றுக்கூடையோடு வாய்க்கால் மேல் கிடக்கும் பனந்தடியில் நடந்தவள் நான். ஒருநாளும் விழுந்ததில்லை, ஒருவர் கையையும் பிடித்ததில்லை.

எங்கள் ஊருக்கு மினிபஸ் வந்த வருடம், அதைப் பிடிக்க முதல்முறையாக வெறுந்தலையோடு அந்தத் தடியில் ஏறினேன். பாதி வழியில் குனிந்து காலைப் பார்த்தேன். ஓடும் தண்ணீரோடு கண்ணும் ஓடியது. தடியே பக்கவாட்டில் நகர்வதுபோல் இருந்தது. நின்றுவிட்டேன்.

அக்கரையில் வாத்து மேய்த்த பெண் சிரித்தாள். "ஆச்சி, தண்ணிதான் ஓடுது. நீங்க ஓடல."

கையைப் பிடி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"தலையில கூடை இருக்குன்னு நெனச்சிக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து பைய வாங்க."

இரண்டு கையையும் தூக்கி, இல்லாத கூடையைப் பிடித்தேன். பார்வை நேரானது. தடி அசையாமல் கிடந்தது. கரையேறினேன்.

என் காலைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். காத்தது, குனியவிடாத அந்தச் சுமைதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.