கன்னி மூலைத் தண்ணீர்

எருமப்பட்டியில் அறிவுச்செல்வி வீட்டு மொட்டைமாடியில் பள்ளம் ஒரு மூலையில் இருந்தது. தண்ணீர் போகும் துளை எதிர்மூலையில் இருந்தது. மூன்று மழைக்காலமாக அவள் அங்கிருந்து இங்கே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வீடு கட்டும்போது கணவன் சந்திரசேகர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். தெருச் சாக்கடை தென்மேற்கில் இருந்ததால் கொத்தனார் சின்னான் தளத்தில் தண்ணீர் வடியும் வாட்டத்தை அந்தப் பக்கமே கொடுத்துக் குழாய் வைத்துவிட்டார். பால் காய்ச்ச வந்த சந்திரசேகர் வாஸ்து பார்ப்பவரைக் கூட்டிவந்தான். தென்மேற்கான கன்னி மூலை வழியாகத் தண்ணீர் வெளியேறினால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்றார் அவர். அன்றே குழாயை சிமெண்டால் அடைத்தார்கள். எதிரே வடகிழக்கில், ஈசானி மூலையில் புதிதாகத் துளை போட்டார்கள்.

"அடுத்த தடவ வந்து வாட்டத்த மாத்திரலாம் செல்வி" என்று சொல்லிவிட்டு அவன் வண்டி ஏறினான். அடுத்த தடவை அவன் தங்கைக்குக் கல்யாணம். அதற்கடுத்த தடவை காய்ச்சலோடு வந்து படுத்திருந்துவிட்டுப் போனான்.

தண்ணீர் மேடேறாது. சீமாறால் தள்ளினால் பாதி தூரம் போய்த் திரும்பிவிடும். அதற்குள் அடுத்த தள்ளு தள்ள வேண்டும். கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து அடுக்கிவிட்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மாடி ஏறுவாள். இடுப்புக்குத் தேய்த்த தைலத்தின் வாசம் மறுநாள் பண்ணைக்கும் அவளோடு போகும்.

"கோழியெல்லாம் மூக்கப் பொத்துது" என்றாள் கூட வேலை செய்யும் சரிதா. "அந்த அடைப்ப எடுத்துத் தொலைக்கிறதுதானே?"

"எடுக்கலாம். இரும்புக் கொழாய் தொங்கற எடத்துல நிக்கறாரு அவரு. எதாச்சும் ஆனா நீயா பதில் சொல்லுவ?"

அறிவுச்செல்வியும் வாஸ்துவை நம்பினாள். நம்பியதால்தான் தள்ளினாள்.

இந்த ஐப்பசியில் மழை விடவில்லை. கன்னி மூலைக்கு நேர் கீழே படுக்கையறை. ஒரு காலையில் அவள் காபி வைக்க எழுந்துபோன சற்று நேரத்தில், மேல்பூச்சு பெயர்ந்து அவள் தலையணை மேல் விழுந்தது. மேலே துருவேறிய கம்பி தெரிந்தது. விழுந்ததைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சின்னானை வரச்சொன்னாள்.

"அந்த அடைப்ப எடுத்து உடுங்கண்ணா."

"நான் மாட்டேனுங்க. அவரு வந்தா என் கழுத்தத்தான் புடிப்பாரு. போன் போட்டுக் கேளுங்க."

"கேட்டா வேண்டாம்பாரு."

"அப்பறம்?"

"அப்பறம் உளியக் குடுத்துட்டுப் போங்க."

சின்னான் உளியையும் சுத்தியலையும் படியில் வைத்துவிட்டு, எதையும் பார்க்காதவர்போல் இறங்கிப்போனார். கணுக்கால் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து அவள் அடித்தாள். சிமெண்ட் துணுக்குத் துணுக்காகத்தான் பெயர்ந்தது. வழி கிடைத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. கீழே தெருவில் விழும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இறங்கிவந்து கையைக் கழுவி, மஞ்சள் துணியில் மாரியம்மனுக்குக் காணிக்கை முடிந்துவைத்தாள்.

சாயங்காலம் சந்திரசேகர் பேசினான்.

"அங்க மழையா?"

"மழைதானுங்க."

"தண்ணி தள்ளிட்டியா?"

"தள்ளலீங்க. அடைப்ப எடுத்துட்டேன்."

அவன் பக்கம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைந்தது.

"எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுமா?"

"என் தலகாணி மேல பூச்சு உழுந்துருச்சுங்க. நான் எந்திரிச்சுப் போன பொறவு."

"உனக்கொண்ணும் ஆவலையே?"

"இல்லீங்க. ஆனா இடுப்பு போச்சு. இனி என்னால ஆவாது. நீங்க அங்க பாத்து நில்லுங்க."

திரும்ப அடைக்கும்படி அவன் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "பொங்கலுக்கு வாரேன்" என்றான்.

அதன்பிறகு அவள் தண்ணீர் தள்ள மாடி ஏறவில்லை. மழை பிடித்தால் போனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.