சூடு ஆறாத குழாய்

போர்க்காலத்தில் உன்னிச்சைப் பக்கம் டீசல் கொண்டுவரத் தடை. எங்கள் ஊர் வேன்காரர் ஒருவர் மண்ணெண்ணெயில் ஏதோ எண்ணெய் கலந்து ஓட்டினார். அதனால் புகைக்குழாய் கரியால் அடைத்து, கொஞ்சத் தூரத்திலேயே சிவக்கச் சூடாகிவிடும். மெலிந்த மனிதர், கையெல்லாம் தீச்சுட்ட தழும்புகள். நிறுத்தும்போதெல்லாம் வேனுக்கடியில் குனிந்து, குழாயில் இரண்டு துளி நீர் தெளித்து, அது சீறுகிறதா என்று கேட்பார்.

பிரசவ வலியில் துடித்த என் மனைவியை அவருடைய வேனில்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வயல் வட்டை நடுவே பாதை முழுக்க வைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் நிறுத்திவிட்டார்.

“அண்ணன், குழாயில தண்ணிய ஊத்திப் போட்டுப் போவமே!”

“ஊத்தினா வெடிச்சிரும் தம்பி. இப்படியே போனா வைக்கல் பத்தும். தங்கச்சி உள்ளுக்க கிடக்காவே.”

இருவரும் வைக்கலை அள்ளி ஒதுக்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வைக்கல்தான். அவர் சட்டையைக் கழற்றிக் குழாய்க்கு விசிறினார். உள்ளே மனைவியின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. சூடு தணிந்த பிறகுதான் புறப்பட்டோம்.

மனைவி பிழைத்தாள். பிள்ளை இல்லை.

மறுநாளும் அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

“தங்கச்சி?”

“இருக்கா.”

“புள்ள?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

யார்மீதாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது எனக்கு. அவர்மீது மட்டும் முடியவில்லை.