சந்தனப் பொட்டு வைத்த நான்கு டிஸ்க்குகள்

திண்டிவனம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சர்வர் அறை என் பொறுப்பில் இருந்தது. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அந்த அக்டோபரில் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இருபது நாளில் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். அவை முதல்வர் அறை பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும்போதே எல்லோரிடமும் வாங்கிப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து அவற்றைக் கேட்டிருந்தேன்.

சர்வரில் நான்கு டிஸ்க்குகள். நான்கையும் ரெய்டு முறையில் ஒன்றாகக் கோத்து, மொத்த இடத்தை இரண்டு லாஜிக்கல் டிரைவாகப் பிரித்திருந்தேன். முதலாவதில் மென்பொருள். இரண்டாவதில் மாணவர்களின் இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு. ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக நான்கிலும் பரவியிருக்கும். ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் தாங்கும். டிஸ்க்குகள் இடம் மாறினால், அவற்றை இயக்கும் அந்தப் பழைய கன்ட்ரோலருக்கு எதுவும் புரியாது. அதனால் 0, 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். பேக்கப் எடுக்க டேப் டிரைவ் கேட்டு மூன்று கடிதம் கொடுத்தேன். ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று துறைத் தலைவர் மூன்றையும் திருப்பிக் கொடுத்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாளே கல்லூரியில் பூஜை. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் துறைத் தலைவரே என்னை மதியம் வீட்டுக்குப் போகச் சொன்னார். பெரிய மனது என்று நினைத்தேன்.

விடுமுறை முடிந்து போனபோது சர்வர் பளபளத்தது. நான்கு டிஸ்க்கின் முகப்பிலும் சந்தனம், குங்குமம். ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை.

துப்புரவு வேலை செய்யும் அக்கா பெருமையாகச் சொன்னார். "ஹெட் சார் கழட்டிக் குடுத்தாரு மேடம். ஒண்ணொண்ணா தொடச்சிக்கினு இருந்தேன். அழுக்கா எதையோ ஒட்டி வச்சிருந்தாங்க, அதையும் சொரண்டி எடுத்துட்டேன்."

பிறகு வரிசை தெரியாமல் கை போன போக்கில் சொருகியிருக்கிறார்கள். சர்வர் எழவில்லை. அணைத்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்திருந்தால், வரிசையை மாற்றி மாற்றிப் போட்டாவது மீட்டிருப்பேன். துறைத் தலைவர் இரண்டு லாஜிக்கல் டிரைவையும் அழித்துப் புதிதாக உருவாக்கிவிட்டார். நான்கிலும் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே எதுவும் இல்லை.

சென்னை வேலை கிடைத்துப் பதினோரு நாள் கழித்து முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் பெயரில் விளக்கக் கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி மேஜையில் இருந்தது. எண் போட்டு மூன்று குற்றங்கள்: டிஸ்க்குகளுக்கு அடையாளம் இடவில்லை; பேக்கப் எடுக்கவில்லை; பூஜையன்று பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன்.

"நீங்கதான சார் அழிச்சீங்க?" என்றேன்.

"சாமி காரியத்துக்குத் தொட்டதும்மா அது. அதுலயும் குத்தம் கண்டுபுடிக்கிற பாரு நீ," என்றார் துறைத் தலைவர். "கையெழுத்தப் போட்டுட்டு சர்டிபிகேட்ட வாங்கிக்கினு போய்க்கினே இரு. எதுக்கு பேஜாரு?"

முதல்வர் பீரோ சாவியை மேஜைமேல் வைத்தார். சென்னையில் சேர ஒன்பது நாள் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து சரிபார்த்தேன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, எட்டு செமஸ்டர், பட்டம். எல்லாம் இருந்தன. அந்த வருடம் இன்டர்னல் மார்க்கை ஆசிரியர்கள் நினைவிலிருந்து போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மார்க் குறைந்துபோனவர்கள் காரணம் கேட்டிருப்பார்கள். கல்லூரியில் என் கடிதத்தை எடுத்துக் காட்டியிருப்பார்கள்.