வள்ளியின் கடைவாய்ப் பல்லும் ஒரு வீட்டுத் தூக்கமும்

ஊரில் எந்த டாக்டரைக் கண்டாலும் கும்பிடுவார்கள். பல் டாக்டரைக் கண்டால் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு கும்பிடுவார்கள். ஐம்பதுகளில் நாகல் நகரில் நான் தொழில் தொடங்கிய புதிதில் வந்த எரியோடு கிராமத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பல்வலிப் பிள்ளையைத் தோளில் போட்டு விடிய விடிய நடந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

புகை வைத்தியம்

கருப்பணன் பூ விவசாயி. மகள் வள்ளிக்கு நாலு வயது, கடைவாயில் சொத்தை. விழப்போகிற பால் பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்று மனுஷன் விட்டுவிட்டார். பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வீட்டில் ஒருத்தரையும் தூங்க விடவுமில்லை. மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பன் வரப்பிலேயே படுத்துத் தூங்கிவிட, தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. "பிள்ளை சோறு திங்கணும், இல்லேன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குக் கெளம்புறேன்" என்று மனைவி பொன்னாத்தா கெடு வைத்துவிட்டாள்.

பல்லில் புழு இருக்கிறது, புகை போட்டால் விழுந்துவிடும் என்று யாரோ சொல்ல, கதவைச் சாத்திக்கொண்டு கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டிருக்கிறார்கள். அட கடவுளே! என்னிடம் வந்தபோது மூன்று பேருக்கும் கண் சிவந்து, இருமல் நிற்கவில்லை.

"புழு சாகலைங்கய்யா, நாங்கதான் சாகப் பாத்தோம்" என்றார் கருப்பணன்.

ஆ காட்டு

"ஆ காட்டு கண்ணு" என்றேன். அப்பனும் ஆத்தாளும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஆ காட்டினார்கள். வாசலில் காத்திருந்த பெரியவரும் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தார். வள்ளி மட்டும் திறக்கவில்லை. எனக்கோ எரிச்சலான எரிச்சல். எல்லோரையும் பார்த்து அவள் சிரித்த நேரம் விரலை உள்ளே விட்டேன். முன்பல்லால் நறுக்கென்று கடித்துப் பிடித்துக்கொண்டாள். நான் துள்ளுகிறேன், பொன்னாத்தாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பிள்ளை எதையாச்சும் கடிச்சு எம்புட்டு நாளாச்சு! செத்த நேரம் கடிக்கட்டும் விடுங்கய்யா!"

கதவு

ஒருவழியாகச் சொத்தையைப் பிடுங்கி அனுப்பினேன். மறுநாள் மதியம் கருப்பணன் தனியாக வந்து நிற்க, எனக்குப் பக்கென்றது. விஷயம் இதுதான்: பிள்ளை கஞ்சி குடித்துவிட்டு அசந்து தூங்க, பெற்றவர்களும் தூங்கிப்போக, வெயில் ஏறியும் வீடு திறக்கவில்லை. கறக்க ஆளில்லாமல் மாடு கத்தியதைக் கேட்டு ஊரே கூடி, என்னவோ ஏதோ என்று கதவைப் பெயர்த்துவிட்டது.

"கதவு போனாப் போகுதுங்கய்யா, பொன்னாத்தா எங்கிட்டச் சிரிச்சுப் பேசுறா!"

பிரசாதம்

வலி தீர்ந்ததற்குப் பழனிக்குப் போய்விட்டு, நேராக என்னைப் பார்க்க வந்தார்கள். வள்ளிக்கு மொட்டைத் தலையில் சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா, வாயெல்லாம் பிசுபிசுப்பு. வழி நெடுக அதுதான் அவளுக்கு ஆகாரமாம். "அடப்பாவிகளா, மிச்சப் பல்லும் போயிருமே!" என்று கத்திவிட்டேன். "சாமி பிரசாதம் பல்லைக் கெடுக்குமாங்கய்யா?" என்று கருப்பணன் கேட்டார். ஆமாம் என்றால் பாவம், இல்லை என்றால் பல் போய்விடும். அதற்குள் பொன்னாத்தா டப்பாவை வெடுக்கென்று பிடுங்கி என் மேசையில் வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏய்யா, ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடக்கப்போறது முருகனா, நீயா?"

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போனார்கள்; என் வீட்டிலும் ரெண்டு பிள்ளைகள் இருப்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை.