ராஜாவின் ஏரியும் ஜிம்மியின் பட்டையும்

இந்த ஊரில் நாய்க்கும் பஸ் டிக்கெட் உண்டு. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாள் மிசஸ் பெர்ரி, அவருடைய நாய், நான் ஆக மூவரும் மாடி பஸ்ஸில் ஏறுகிறோம். கண்டக்டர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு அம்மாளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். ஜன்னலோரம் நாய்க்கு, நடைபாதையோரம் எனக்கு. வந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்பதைக் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஜனங்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி எங்கெங்கோ போய்க் கிடப்பவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் புதுநகரத்துக்காரன். யுத்த காலத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு கப்பல் கம்பெனி வேலையாக இங்கிலாந்துக்கு வந்தவன், திரும்பிப் போக மனமில்லாமல் வடக்கே ஒரு பஞ்சாலை நகரத்தில் தங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டோர் ரூம் வேலை. குளிர், மழை, உப்பில்லாத சாப்பாடு. முட்டைக்குக் கூப்பன், சர்க்கரைக்குக் கூப்பன். அதற்கு நடுவிலும் நாய் பிஸ்கட்டுக்கு மட்டும் மிசஸ் பெர்ரி எப்படியோ வழி பண்ணிவிடுகிறார். நாயின் பெயர் ராஜா. எங்கள் வீட்டில் வளர்ந்த கடலூர் நாய்க்கு ஜிம்மி என்று இங்கிலீஷ் பெயர், இந்த வெள்ளைக்கார நாய்க்கு நம்மூர்ப் பெயர். இதை அம்மாளிடம் சொன்னேன். "ராஜா என்பது இந்தியப் பெயரா? இந்தத் தெருவிலேயே மூன்று ராஜா இருக்கிறார்களே!" என்று ஆச்சரியப்பட்டார்.

ஊருக்கு வெளியே எட்டு மைலில் ஒரு ஏரி. கரையில் பலகை நட்டிருக்கிறார்கள். நாய்களோடு வருகிறவர்களுக்கு நல்வரவு, நாய்கள் இந்தப் பக்கம் நீந்தலாம், வாத்துகளைத் துரத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. பிளாஸ்கில் டீ, ரொட்டித் துண்டு, ஒரு கம்பளி விரிப்பு என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாய்கள் தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போடுகின்றன. முதல் தடவை போனபோது மிசஸ் பெர்ரி குனிந்து ராஜாவின் கழுத்துப்பட்டைக் கொக்கியை விடுவித்தார். நான் என்னை அறியாமல் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாம், கழற்றாதீர்கள்!" என்று கத்தியும்விட்டேன். ஏரிக்கரையே திரும்பிப் பார்த்தது. அம்மாள் பதறவில்லை, சிரித்தார். "பயப்படாதே அப்பா, இவன் யாரையும் கடிக்க மாட்டான்" என்றார். எனக்கு நாய் என்றால் பயம் என்று முடிவு கட்டி, அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நாயைப் பிடித்துப் பின்கட்டில் அடைத்துவிட்டுத்தான் எனக்குக் கதவு திறக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

ஜிம்மி என் அக்கா புருஷனுடைய நாய். மாமா பண்ருட்டியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பலாப்பழ சீசனில் குட்டியாக லாரியில் ஏறிக்கொண்டது, இறங்க மாட்டேன் என்றுவிட்டது. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். தண்ணீரைக் கண்டால் அதற்குத் தலைகால் புரியாது. மாமாவும் அப்படித்தான். பெண்ணையாற்றுப் பாலத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டு இருவரும் குளித்துவிட்டுத்தான் வருவார்கள். யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு டிரைவர் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். ரயிலேறும் நாளில் அக்காவுக்கு ஆறுதல் சொன்னதைவிட எனக்குப் புத்தி சொன்னதுதான் ஜாஸ்தி.

"வாரத்துக்கு ஒரு தடவ தண்ணியில வுடு மச்சான். வேற ஒண்ணும் வாணாம். தண்ணி இல்லன்னா அது ஏங்கிப்பூடும். நான் வந்து எறங்கும்போது ஸ்டேஷன்ல நிக்கணும், சொல்லிட்டேன்."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பமாயின. சைக்கிள் கேரியரில் ஒரு பலாப்பழக் கூடையைக் கட்டி அதில் ஜிம்மியை உட்கார வைப்பேன். கெடிலம் ஆறு, பெருமாள் ஏரி, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடம். பலகை எதுவும் கிடையாது, ஆனால் நம் ஏரிகளில் பலகையை விடக் கறாரான சட்டம் உண்டு. குடிதண்ணீர் எடுக்கும் படி ஒன்று, குளிக்கும் படி ஒன்று, துணி துவைக்கும் கல் ஒன்று, மாடு கழுவும் இறக்கம் ஒன்று. எருமைக்கும் பிறகுதான் நாய்க்கு இடம். மதகுக்குக் கீழே, தண்ணீர் வெளியேறி வாய்க்காலில் விழும் பள்ளத்தில் விட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முதல் தடவையே பெருமாள் ஏரி மடைக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாய வுடுங்க சார், பரவால்ல. தோல் பட்டையோட எறக்காதீங்க. கீழ நாலு ஊரு இந்தத் தண்ணியத்தான் குடிக்குது." நாயின் உடம்பு இறங்கலாம், தோல் இறங்கக் கூடாது! அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு ஏரியிலும் பட்டையைக் கழற்றி சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டுவது பழக்கமாயிற்று. அந்தப் பட்டையில்தான் நாய் லைசென்சுக்காகக் கொடுத்த பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை சிதம்பரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து சைக்கிள் மிதித்து வீராணம் ஏரிக்கே போனோம். லால்பேட்டை அருகே படியில் கைகால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாய் என்னையும் நாயையும் பார்த்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று நானே நின்றுவிட்டேன். "இங்க தொழுவுறதுக்கு ஒளு செய்வோம் தம்பி, அதான். அந்தாண்ட மதகுக்குக் கீழ வுடுங்க, நல்ல ஆழம், ஜோரா நீந்தும்" என்றார். நீந்தி முடித்து வந்தபோது கடையில் எனக்கு டீ சொல்லியிருந்தார். ஜிம்மிக்குத் தள்ளி நின்று ஒரு பன்னை வீசினார். இதையெல்லாம் ஒன்று விடாமல் மாமாவுக்கு எழுதினேன். மாமா அப்போது பர்மா எல்லையில் இருந்தார்.

அந்தத் தை மாதத்து லீவு நாளைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் உள்ளபடி சொன்னதில்லை. சிதம்பரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். ஊரை ஒட்டி ஏரி. பட்டையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினேன், ஜிம்மி குதித்தது, நான் புளிய மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன். மேலே ரோட்டில் ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது. ஜிம்மி தண்ணீரிலிருந்து பாய்ந்து கரையேறி ரோட்டைப் பார்த்து ஓடியது. லாரிச் சத்தம் என்றால் அதற்கு மாமாதான். எத்தனையோ தடவை அப்படி ஓடி, வேறு ஆள் என்று தெரிந்து காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறது. இப்போதும் வந்துவிடும் என்று கண்ணை மூடினேன். அந்த அரைமணி நேரத் தூக்கத்தை இன்றைக்கு வரை நான் தூங்கி முடிக்கவில்லை.

அந்த ஊரில் வெறிநாய் யாரையோ கடித்துவிட்டதாம். அந்த வாரம் முழுவதும் வண்டி வைத்துத் தெருநாய் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுகொண்டிருந்தார்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாக ஓடி வண்டியைக் கண்டுபிடித்தபோது அது காலியாக ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. செம்பட்டை, மடங்கின காது என்றேன். வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆத்திரத்தில் பட்டையை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன். "லைசென்ஸ் நாய்யா அது! வில்லையப் பாரு!" அவர் வில்லையை வாங்கிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவே இல்லை.

"இது நாயி கழுத்துல இருந்திருக்கணும் சார். உங்க சைக்கிள்ல இருந்தா எனக்கு எப்டி சார் தெரியும்?"

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பாம்பு கடித்துவிட்டது, ஏரிக்கரையிலேயே புதைத்துவிட்டேன் என்றேன். பாம்பு என்றால் யார் மேலும் குற்றமில்லை பாருங்கள். அக்கா அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அவுருக்கு எழுதாதடா. குண்டுக்கு நடுவுல இருக்காரு மனுஷன். வந்தப்பறம் சொல்லிக்கலாம்" என்றாள்.

எழுதாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமாவின் கடிதம் வந்தது: "போன வாரம் எந்த ஏரி மச்சான்?" நான் பதில் எழுதினேன். ஜிம்மி பெருமாள் ஏரியில் கொக்கைத் துரத்தியது என்று எழுதினேன். அடுத்த வாரம் கெடிலம், அதற்கடுத்து வெள்ளாறு. ஏரியைப் பற்றியாவது பொய் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, கரையில் யார் இருந்தார்கள் என்றெல்லாம். கேரியரில் கூடை காலியாக ஆடும். இப்படி ஒன்றரை வருஷம். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

யுத்தம் முடிந்து மாமா கடலூர் ஸ்டேஷனில் இறங்கினார். இளைத்துப் பாதி உடம்புதான் இருந்தது. டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தார், எங்களைப் பார்த்துச் சிரித்தார், பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து அந்தப் பழைய விசிலை அடித்தார். பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய்கள் மட்டும் தலையைத் தூக்கின. அக்காதான் பாம்பு என்றாள்.

"எப்ப?"

"போன தைக்கு முந்துன தை."

மாமா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். விரலை மடக்கி மடக்கி மாதத்தை எண்ணினார். "அப்ப ஆடியில எழுதுன வெள்ளாத்து லெட்டரு?"

"நான் போனேன் மாமா. ஆறு நெசம். அன்னிக்கு வெள்ளம் வந்ததும் நெசம்" என்றேன்.

"நாயி?"

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இன்றைக்குக் கடலூரிலேயே இருந்திருப்பேன். "உன் லெட்டர எங்க செக்ஷன்ல சத்தமா படிப்பேன் மச்சான். இருவது பேரு காத்துக்கினு இருப்பானுங்க. அதுல பாதிப் பேரு வர்ல. செத்துப்போச்சுன்னு அப்பவே எழுதியிருந்தா, அவுங்களோட சேத்து அதுக்கும் அங்கயே அழுது முடிச்சிட்டு வந்திருப்பேன். இப்ப வூட்டுக்கு வந்து அழ வெச்சிட்டியே" என்றார். பெட்டியில் கல்கத்தாவில் வாங்கின புதுக் கழுத்துப்பட்டை ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வீட்டில் சட்டை மாட்டும் ஆணியில் தொங்கவிட்டார். நான் சோற்றுக்கு உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே அந்த ஆணி. பாம்பு கதையையாவது உடைத்துச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ வேளை வாயெடுத்தேன். சோற்றைத்தான் விழுங்கினேன். கப்பல் வேலை வந்ததும், பிழைக்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

போன மாதம் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் கடல் தாண்டிய பிறகு அவர் கைப்பட எழுதியது இதுதான் முதல். "அங்க நாயெல்லாம் டிக்கெட் வாங்கிக்கினு பஸ்ல போவுதுன்னு அக்காவுக்கு எழுதினியாமே. ஏரியில நீந்துதாமே. எனக்கும் எழுது மச்சான். நெசமா இருந்தா மட்டும் எழுது." அவ்வளவுதான் கடிதம். நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். பஸ் வருகிறது, ஏரி வருகிறது, மிசஸ் பெர்ரி குனிகிறார், பட்டையைக் கழற்றும் இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நிஜமாக எழுத வேண்டுமென்றால் தை மாதத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நேற்று ஏரிக்குக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோனேன். இப்போதெல்லாம் பட்டையை மிசஸ் பெர்ரி என்னிடம்தான் கொடுத்து வைக்கிறார். நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இந்தியனுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். ராஜா தண்ணீரில் இருந்தது. ஒரு கையில் அதன் பட்டையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினேன். "மாமா, பாம்பு கடிக்கல. பட்டைய நான்தான் கழத்தினேன். லாரிச் சத்தம் கேட்டு நீங்கன்னு நெனச்சு ஓடுச்சு. நான் தூங்கிட்டேன்." இவ்வளவும் எழுதி முடிக்கவும் பின்னால் ரோட்டில் ஒரு லாரி மேடேறி வரவும் சரியாக இருந்தது. ராஜா நீந்துவதை விட்டுத் தலையைத் திருப்பியது. எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. காகிதம் ஒரு பக்கம் பறக்க, பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன், "ஜிம்மி! வாடா! போவாதடா! ஜிம்மி!"

மிசஸ் பெர்ரி காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து மெதுவாக என் தோளைத் தொட்டார். "அவன் பெயர் ராஜா அப்பா. வேறு பெயர் சொன்னால் வர மாட்டான்" என்றார்.

ஆனால் வந்துவிட்டது. என் காலடியில் வந்து உடம்பை உதறிவிட்டு, பழக்கப்படி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஈரத்தில் கொக்கி வழுக்கியது, இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவைதான் மாட்டினேன். கடிதத்தை மடித்து, இத்தனை வருஷமாகக் கோட்டுப் பையில் வைத்திருந்த பித்தளை வில்லையையும் அதற்குள் வைத்து உறையை ஒட்டினேன். திரும்பும்போது கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்தார். என் டிக்கெட்டில் இந்த ஊர்ப் பெயர் இருந்தது, மடியில் இருந்த உறையில் கடலூர் என்று இருந்தது. ராஜா ஜன்னலை விட்டுவிட்டு, நனைந்த தலையை அந்த உறை மேல் வைத்துப் படுத்துக்கொண்டது.