வார்த்தைகளுக்குச் சம்பந்தம் பேசிய கிருஷ்ணப்பன்

கிருஷ்ணப்பன் வாத்தியார் ஓசூரில் எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தார். வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிட்டோமே தவிர, அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவரில்லை. குடகில் ஒரு காப்பித் தோட்டத்து ஆபீசில் பதினோரு வருடம் இங்கிலீஷில் கடிதம் எழுதியவர். எழுதியதைத் தோட்டத்துத் துரை வாங்கிப் படிப்பார். இரண்டு வார்த்தை ஒன்றோடொன்று சேராவிட்டால் ஒன்றை அடித்துவிட்டு வேறொன்றைப் போடுவார். காரணம் சொல்லமாட்டார். கேட்டால், அது அப்படித்தான் என்பார். அடிபட்ட வார்த்தையையும் அதன் இடத்தில் வந்த வார்த்தையையும் கிருஷ்ணப்பன் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். 1952இல் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். கிருஷ்ணப்பன் நோட்டோடு ஓசூருக்கு வந்தார்.

அவர் மனைவி சாந்தம்மா என் பிறந்த ஊர்க்காரி. குருபரப்பள்ளியிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். அவருக்கு வேலை போன அந்த வருடம் கேழ்வரகு அறுப்புக்கு என்று அண்ணன் வீட்டுக்குப் போனாள். அறுப்பு முடிந்தது. அண்ணன் நாராயணப்பன் அவளை அனுப்பவில்லை. மாதச் சம்பளம் வருகிற வேலை கிடைத்ததும் அனுப்புவதாக ஆள் மூலம் சொல்லிவிட்டார். கிருஷ்ணப்பன் அதை ஏற்றுக்கொண்டார். அப்படியே ஒன்றரை வருடம் போனது. தானே சமைத்தார். தினமும் கொள்ளுப் பருப்பு. எங்கள் வீட்டுச் சுவர் வழியாகத் தாளிக்கும் வாசனை வராது, தீயும் வாசனைதான் வரும்.

சாயங்காலம் அந்த அறையில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். மைசூர் ரோட்டு மதுவிலக்குச் சாவடியிலிருந்து ஹெட் கான்ஸ்டபிள் ஆஞ்சப்பன் வருவார். இன்னும் நான்கைந்து பேர் வருவார்கள். ஆஞ்சப்பனுக்கு வார்த்தை நிறையத் தெரியும். எதை எதோடு சேர்ப்பது என்பது மட்டும் தெரியாது. அவர் எழுதும் ரிப்போர்ட்டெல்லாம் மேலதிகாரியிடமிருந்து சிவப்புப் பென்சில் கோடு வாங்கித் திரும்பி வரும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் புளி கொட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கே புரிகிற பாடமாக இருந்தது.

வாத்தியார் இலக்கணம் சொல்லமாட்டார். வார்த்தைகளுக்குள் கொண்டு கொடுக்கிற உறவு இருக்கிறது என்பார். எந்த வார்த்தை எந்த வீட்டில் பெண் எடுக்கும், எந்த வீட்டில் எடுக்காது, அவ்வளவுதான் பாடம். யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். சாவடிக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழைக்கு 'ஹெவி' என்று ஒருநாள் சொல்லிக் கொடுத்தார். ஆஞ்சப்பன் கையைத் தூக்கினார்.

"மழைக்குப் பங்காளி காத்துங்க. அப்ப காத்துக்கும் ஹெவிதானே முறை?"

"முறை இருக்கலாம். வழக்கம் இல்ல. காத்து 'ஸ்ட்ராங்' வீட்ல கட்டியிருக்கு."

"டீக்கும் ஸ்ட்ராங்குன்னுதானே போன வாரம் சொன்னீங்க?"

"ஆமா. ரெண்டு பேரும் ஒரே வீட்ல பொண்ணு எடுத்தவங்க."

ஆஞ்சப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப டீயும் காத்தும் சகலப்பாடிங்க."

"எழுதிக்குங்க," என்றார் வாத்தியார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் ஆஞ்சப்பனின் ரிப்போர்ட்டுகளில் சிவப்புக் கோடு குறைந்தது. மூன்றாவது மாதம் ஒரு ரிப்போர்ட் கோடே இல்லாமல் திரும்பி வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் காட்டினார். அந்தப் பேச்சு எப்படியோ குருபரப்பள்ளி வரைக்கும் போனது.

எங்கள் ஊரில் அப்போது ஒரு ஹைஸ்கூல் தொடங்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நிலம் கொடுத்தவர்கள் இரண்டு பேர். பெருமாள் கமிட்டித் தலைவர், கங்கப்பன் பொருளாளர். பெருமாளின் தங்கையைத்தான் கங்கப்பன் கட்டியிருந்தார். கங்கப்பன் மகளுக்குப் பெருமாள் மகன் முறை மாப்பிள்ளை. தொட்டிலில் போட்ட நாளிலிருந்து பேசி வைத்த சம்பந்தம். ஆனால் கங்கப்பன் பெண்ணைப் பர்கூரில் போஸ்டாபீஸ் வேலையிலிருந்த, உறவில்லாத ஓர் அசல் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பெருமாளும் கங்கப்பனும் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் சம்பந்தமாக ஒருவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியதை நாராயணப்பன் நடுவில் உட்கார்ந்து கேட்டு, அப்படியே திரும்பிச் சொல்லுவார். அதற்காகவே அவரைக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள்.

அவர்தான் தங்கை புருஷனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் வேலையைக் கேட்டு வாங்கப் பார்த்தார். கமிட்டி முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டவேண்டும், பிடித்திருந்தால் வேலை என்று முடிவாயிற்று. வேலை கிடைத்தால் அன்றைக்கே சாந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கடிதம் வந்தது. கிருஷ்ணப்பன் அதை என்னிடம் படித்துக் காட்டினார். பிறகு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். இன்னொரு தண்ணீர்ப் பானை வாங்கினார். இரண்டு தாம்பாளம் வாங்கிவிட்டு, எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை என்றார். ஊருக்குள்ளே கமிட்டிக்காரர்கள் இருவரும் எதனால் பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. நாராயணப்பன் கடிதத்தில் அதை எழுதவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் பாடத்துக்கும் அதற்கும் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

மாதிரிப் பாடம் நடந்த அன்று என் தம்பி பிள்ளைக்குக் காது குத்து. நானும் ஊரில்தான் இருந்தேன். கீற்றுக் கொட்டகையில் பெஞ்சு போட்டு, கமிட்டிக்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாராயணப்பன் இருவருக்கும் நடுவில். ஊர் ஆண்கள் நாற்பது பேர் இருப்பார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே நின்றோம். சாந்தம்மா என் பக்கத்தில் நின்றாள். கிருஷ்ணப்பன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கரும்பலகையில் மழை என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இது பொண்ணு," என்று தொடங்கினார்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்ட்ராங் என்பவன் இந்த ஊர்க்காரன் மாதிரி, ஆளுக்கு அவன் பொருந்துவான், கயிற்றுக்குப் பொருந்துவான், காற்றுக்கும் பொருந்துவான், எல்லா வீட்டிலும் அவனுக்குக் கொண்டு கொடுத்தல் உண்டு, அதனால் மழையும் தனக்குத்தான் என்று இருப்பான் என்றார். ஹெவி என்பவன் மூட்டை, வண்டி, பெட்டி என்று சுமைகளோடு இருக்கிற வெளியூர்க்காரன். மழைக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மழையை அவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் முறைக்காரன் வந்து கேட்டால் நடக்காது என்றார்.

நாராயணப்பன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமாள் கேட்டார்: "அந்த முறைக்காரப் பையன் என்ன தப்பு பண்ணான்?"

ஓசூர் வகுப்பில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கிருஷ்ணப்பன் முகம் மலர்ந்தது. பாடம் புரிந்துதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"தப்பு ஒண்ணும் இல்லீங்க. பையன் நல்ல பையன்தான். ஆனா பக்கத்துல நிறுத்திப் பாத்தா பொருந்தல. சொன்னாலே காது கூசும். கேக்கறவங்க சிரிப்பாங்க."

இரண்டு வருடமாகப் பெருமாள் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்காத கங்கப்பன் அன்று திறந்தார்.

"வாத்தியார் சரியாத்தான் சொல்றாரு."

பெருமாள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இவருக்கு இங்கிலீஷ் வரல," என்று நாராயணப்பனிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். பெருமாள் எழுந்தால் கூட்டம் எழும். ஐந்து நிமிடத்தில் கொட்டகை காலியாகிவிட்டது.

கிருஷ்ணப்பன் கரும்பலகையைத் துடைத்தார். மீதி சாக்குக்கட்டியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தார். நாராயணப்பன் வீட்டுச் சந்து வழியாகத்தான் ரோட்டுக்குப் போகவேண்டும். அந்த வாசலைத் தாண்டும்போது அவர் தலையைத் திருப்பவில்லை.

"எங்க போறாருக்கா?" என்றாள் சாந்தம்மா.

பஸ்ஸுக்கு என்றேன்.

அவள் வீட்டுக்குள் போய் டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். நாராயணப்பன் வாசலை மறித்து நின்றார். கூடவே வந்த எனக்குத் திரும்பிப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வேலை கெடைக்கல இல்ல, எங்க கெளம்பிட்ட?"

"வேலை நீ கேட்டதுண்ணா. நான், அவரு அழைக்க வரட்டும்னு இருந்தேன். ஒன்றரை வருஷமா வரல. இன்னிக்கு வந்துட்டாரு."

"அவரு பாடம் நடத்த வந்தாரு. உன்னை அழைக்க வரல."

"ஊரு எல்லைக்குள்ள வந்தா வந்ததுதான். புருஷன் வந்து வெறுங்கையோட திரும்பிப் போனா, நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

எங்கள் ஊரில் அது உண்மைதான். பிறந்த வீட்டிலிருக்கும் பெண்ணைப் புருஷன் நேரில் வந்து அழைக்காமல் அனுப்பமாட்டார்கள். வந்துவிட்டால் அனுப்பாமல் இருக்கவும் மாட்டார்கள். ஆள் மூலம் வந்த சேதியையே கடைசிப் பேச்சாக எடுத்துக்கொண்டு, அழைக்க ஒருதரம்கூட வராமல் இருந்தது கிருஷ்ணப்பன் ஒருவர்தான். பதினோரு வருடம் துரையிடம் வேலை பார்த்த பழக்கமாக இருக்கலாம். எழுதி வந்ததைத் திருப்பிக் கேட்கமாட்டார்.

நாராயணப்பன் ஒதுங்கினார். நான் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கிருஷ்ணப்பன் ரோட்டோரம் புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"வேலை கெடைக்கல," என்றார்.

"தெரியும். வெளியதான் நின்னுட்டிருந்தேன்."

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. பாடம் நல்லாத்தான் போச்சு."

"நல்லாத்தான் போச்சு," என்றாள். "பஸ் எத்தனை மணிக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றபோது ஊர்ப் பக்கமிருந்து நாராயணப்பன் ஓட்டமும் நடையுமாக வந்தார். தலையில் ஒரு கேழ்வரகு மூட்டை, கையில் வெல்லமும் இரண்டு தேங்காயும் கட்டிய துணி. தங்கை ஒன்றுமில்லாமல் புருஷன் வீட்டுக்குப் போனாள் என்று பெருமாள் வீட்டில் பேசிச் சிரிப்பதை அவர் விரும்பியிருக்கமாட்டார். மூட்டையைத் தானே ஏணியில் ஏறி பஸ் மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். இறங்கி, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த சாந்தம்மா மடியில் அந்தத் துணி முடிச்சை வைத்தார். மச்சானிடம் பேசவில்லை. கண்டக்டரிடம் மட்டும், மூட்டையை ஓசூரில் ஞாபகமாக இறக்கிவிடச் சொன்னார்.