தங்கை யாரைக் கூப்பிட்டாள்

எங்கள் வீட்டில் சீன மொழியைச் சிரமப்படாமல் கற்றுக்கொண்டது தங்கை மட்டும்தான். அவளுக்கு அது கற்றுக்கொள்வதாகவே தெரிந்திருக்காது. ஒரு வயதில் எங்களோடு சீனாவுக்கு வந்தவளுக்கு அதுவே முதல் பேச்சாக அமைந்துவிட்டது.

அங்கே ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்கு மூன்று வருட வேலை. அம்மாவும் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனாள். தங்கையைக் காலையிலிருந்து மாலைவரை பார்த்துக்கொண்டது மேல்மாடியில் இருந்த ஒரு பெண்மணி. அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களை ‘ஆயி’ என்று அழைப்பார்கள், நாம் அத்தை, சித்தி என்பதுபோல.

ராத்திரிச் சாப்பாட்டில் எதைக் கேட்பதானாலும் சீனத்தில்தான் கேட்க வேண்டும் என்று அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். அப்படியாவது எல்லோரும் பேசிப் பழகட்டும் என்ற எண்ணம். நான் எப்படியாவது கேட்டுவிடுவேன். அம்மாவுக்கு நாக்குத் திரும்பாது. இரண்டாவது தடவை சோறு கேட்காமலே பல நாள் எழுந்துவிடுவாள். அப்பா கேட்பதே இல்லை. பாத்திரம் அவர் பக்கத்தில்தான் இருக்கும்.

எங்கள் சொந்த ஊரான கரமனைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது, தங்கைக்கு நாலு. தமிழில் சொன்னால் அவளுக்கு ஓரளவு விளங்கும். பதில் மட்டும் சீனத்தில் வரும். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். தெரியாத சொல் வந்தால் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஓணத்துக்கு முந்தைய வாரம் அம்மா எங்களைச் சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். “பாப்பா கைய விட்டுராத, கேட்டியா?” என்று இரண்டு தடவை சொன்னாள். ஒரு வளையல் கடை முன்னால் நான் விட்டுவிட்டேன். அளவு பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் பெயர் சொல்லிக் கத்தியபடியே ஓடினாள். அவள் தெருவில் கத்தி நான் பார்த்ததில்லை. கடைசியில், கயிறும் வாளியும் விற்கிற ஒரு கடையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் தங்கை உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். கையில் யாரோ கொடுத்த வாழைப்பழம் நசுங்கியிருந்தது.

கடைக்காரர் நாஞ்சில் நாட்டுப் பக்கத்துக்காரர். “உங்க பிள்ளையாக்கும்? நல்ல ஆளும்மா நீங்க! தமிழ்ல கேட்டாச்சு, மலையாளத்துல கேட்டாச்சு, அறிஞ்ச இந்தியிலயும் கேட்டாச்சு. ஆயி, ஆயின்னு ஒரே கரைச்சல். வயித்துக்குத்தான் போலிருக்குன்னு எங்க வீட்டுக்காரி பின்னால கொண்டுபோய் இருத்தினா. அதுக்குப் பிறவு அதவிடக் கரைச்சல்!”

தங்கை அம்மாவைப் பார்த்தாள். பார்த்த பிறகும், “வோ யாவ் ஆயி” என்று விசும்பினாள். எனக்கு ஆயி வேண்டும் என்று அர்த்தம். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான் சொந்தச் சரக்குச் சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடைக்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அடடா, ஆயின்னா அம்மையில்லா? உங்களத்தான் விளிச்சிருக்கு! நமக்கு அது விளங்காமப் போச்சே.”

“ஆமா அண்ணாச்சி,” என்றாள் அம்மா. “என்னத்தான் கூப்பிட்டிருக்கா.”

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. ஆயி என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும். சின்னப் பொய்க்குக்கூட என்னை மூலையில் நிற்கவைக்கிறவள் அவள்.

ஆட்டோவில் தங்கை அம்மாவின் மடியில் கிடந்து விக்கிக்கொண்டே இருந்தாள். கிள்ளிப்பாலம் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நான் இங்கதான் இருக்கேன்னு அவங்க பாஷைல எப்படிச் சொல்லணும்?”

“வோ ட்ஸாய் ஜலி.”

அம்மா சொல்லிப் பார்த்தாள். தப்பாக வந்தது. திருத்தினேன். மறுபடியும் தப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கோபித்துக்கொள்ளாமல், தங்கையின் காதருகே குனிந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஆட்டோ கரமனைப் பாலத்தை அடையும்வரை.

மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தபோது வேண்டாம் என்று விட்ட பாஷையை, தேவையே இல்லாத இந்த ஊருக்கு வந்த பிறகு எதற்காகப் படிக்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.